ஆர்மி டிரக்கின் டிரைவர் சீட்

அக்டோபர் 1, புதன்

காலையிலேயே புழுக்கம். அக்டோபர் என்று காலண்டர்தான் சொல்கிறது, ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் பேர்லேண்ட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை. கிளினிக் அரை நாள்தான். பல் பிடுங்கும் குறடு, டிரில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். ரிசப்ஷனில் இருக்கும் மரியா தன் கீபோர்டுக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மதியம் ஷெட்டுக்கு. டிரக்குக்குப் பூஜை. எங்கள் காலனி அசோசியேஷன் ஆர்மி டிரக்கை வீட்டு வாசலில் நிறுத்த விடுமா? அதற்காக மேன்வெல் பக்கம் ஒரு ஷெட், மாத வாடகை. ஐந்து டன் ரகம், பத்து டயர். சந்தனம் எட்டு டயரோடு தீர்ந்துவிட்டது. மீதி இரண்டுக்கும் வெறும் குங்குமம். டயருக்கு ஒன்றாக எலுமிச்சை வைத்தேன்.

என் வீட்டுக்காரர் ரகு ஏறி உட்கார்ந்து, வண்டியை நகர்த்தி நசுக்கினார். "பத்து எலுமிச்சைய வேஸ்ட் பண்றதுக்கு ஜூஸ் போட்டிருக்கலாம் கல்பனா." எங்கள் ஊர் மீனாட்சி கோயிலில் இவருக்குத் தெரிந்த ஒரே சந்நிதி கேன்டீன்தான். வேறென்ன சொல்வார்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருஷம், மகள் அஞ்சலியோடு மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். அப்போது தெருவில் இதே மாதிரி ஒரு டிரக் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. அன்றே முடிவு செய்துவிட்டார். அரசாங்க ஏலத்தில் எடுத்தார். அதற்குப் பிறகு வெள்ளம் வரவில்லை. சும்மா நிற்கிற வண்டிக்கு ஒரு வேலை வேண்டுமே என்றுதான் ஸ்லெட் இழுக்கும் போட்டியில் போய்ச் சேர்ந்தது. இரண்டு வருஷமாக அவர் ஓட்டுவார், நான் கூலரில் தயிர் சாதம் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பேன்.

அது ஆகஸ்ட் வரை. ஆகஸ்டில் ஒரு சின்ன ஊர்ப் போட்டிக்கு முதல் நாள் இவருக்குக் கிட்னி ஸ்டோன். பணம் கட்டியாகிவிட்டது, யாராவது ஓட்டித்தானே ஆக வேண்டும். நான் ஏறினேன். அவர் இதுவரை இழுத்த எந்தத் தூரத்தையும் தாண்டிவிட்டேன்.

வரும் 11ஆம் தேதி கவுன்டி ஃபேர், இந்த மாவட்டத்துத் திருவிழா; அதிலும் போட்டி உண்டு. ஒரு வண்டிக்கு ஒரு டிரைவர்தான். பெயரை ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். பூஜை முடிந்து வீடு வரும்வரை இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வாங்க: சந்தனம், பால், கிரீஸ், ரகுவுக்குப் பிடித்த அந்த மிக்ஸர்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. கோயிலில் நிற்க இடமில்லை. கேன்டீனில் லட்சுமி ஆன்ட்டி தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தார். நாலு வீடு தள்ளி இருப்பவர். மாம்பலத்துக்காரர், ரிடையர்டு டீச்சர். எதையும் விளக்கினால்தான் விடுவார்.

"அப்படி என்னதான்டி போட்டி அது?"

விளக்கினேன். ஸ்லெட் என்பது நீளமான இரும்பு வண்டி. நம் டிரக்கின் பின்னால் சங்கிலியில் மாட்டுவார்கள். அதன் மேலே ஒரு கனத்த பெட்டி. நாம் இழுக்க இழுக்க அந்தப் பெட்டி முன்னால் நகர்ந்து வந்து, ஸ்லெட்டின் மூக்கை மண்ணில் அழுத்தும். ஒவ்வொரு அடிக்கும் பாரம் கூடும். கடைசியில் டயர் சுற்றி, வண்டி நின்றுவிடும். யார் அதிக தூரம் போனார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். முந்நூறு அடி தாண்டிவிட்டால் 'ஃபுல் புல்', முழு இழுப்பு.

ஆன்ட்டி புளியோதரையை மென்றுகொண்டே யோசித்தார். "அதாவது போகப் போக பாரம் ஏறிண்டே போகும். கடைசில எல்லாரும் ஒரு எடத்துல நின்னுடுவா. கல்யாணம்னு சொல்லு."

எனக்குப் புரையேறிவிட்டது. எதிரில் ரகு சிரிக்கவில்லை.

அக்டோபர் 4, சனி

மேகமூட்டம், காற்று இல்லை. கிளின்ட்டின் நிலத்தில் பிராக்டிஸ். ஸ்லெட் அவருடையது, ஃபேரில் எங்கள் பிரிவை நடத்துவதும் அவர்தான். எழுபது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார்.

போகும் வழியில் 288 ஹைவேயில் ரகுவே ஆரம்பித்தார். "ஆளுக்கு ஒரு தடவை இழுப்போம். யாரு அதிகமோ அவங்க ஃபேர்ல ஓட்டட்டும். ஃபேர்தானே?"

"ஃபேர்தான்."

அவர் முதலில். இவர் ஓட்டுவது எப்போதும் ஒரே மாதிரிதான்: கிளட்சை விட்ட கையோடு ஆக்ஸிலரேட்டரில் ஏறி நிற்பார். வண்டி ஒரு துள்ளு துள்ளும், சங்கிலி படீர் என்று இழுபடும், பின் டயர்கள் குழி தோண்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தூரம் வராது.

பிறகு நான். எனக்கு இது பல் பிடுங்குவது மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் பல் உடையும், வேர் உள்ளேயே நிற்கும். முதலில் மெல்லப் பிடித்து, ஒரு சீராக அழுத்தம் ஏற்ற வேண்டும். அசைய ஆரம்பித்துவிட்டால் நடுவில் விடவே கூடாது. சங்கிலியின் தொய்வை முதலில் எடுத்தேன். சங்கிலி விறைத்தது முதுகில் தெரிந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை அழுத்தினேன். இன்ஜின் சத்தம் கனத்துக்கொண்டே போக, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கிப் பார்த்தால், அவர் நின்ற இடத்தைத் தாண்டி ஐம்பது அடிக்கு மேல்.

ரகு: "நான் இழுத்ததுல தரை கெட்டியாயிடுச்சு. அதான் உனக்கு ஈஸியா வந்துச்சு."

கிளின்ட்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் படிக்கத் தெரியும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு டிராக்டர் பக்கம் போய்விட்டார்.

திரும்பி வரும்போது ரேடியோ கூட இல்லை. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம், அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை மழை, பத்து மணிக்கே வெயில்.

"நீயே ஓட்டு." அவர் சொன்னது இவ்வளவுதான். சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லும் குரல். வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் முழுசாக இருந்தது.

சொல்லியிருப்பேன். பழக்கம் அப்படி. வாயில் 'சரி' எப்போதும் தயார். ஜெர்சி சிட்டியில் நல்ல கிளினிக், பிடித்த வேலை. இவருக்கு ஹூஸ்டனில் எண்ணெய் கம்பெனி வேலை என்றதும் சரி. இங்கே வந்து பல் டாக்டர் லைசன்ஸுக்குத் திரும்ப அலைந்தேன், சரி. வீட்டின் நிறம், காரின் நிறம், சரி சரி. பெரிய கொடுமையெல்லாம் இல்லை. நல்ல மனுஷன்தான். ஒவ்வொன்றும் சின்ன விஷயம் என்பதால்தான் ஒவ்வொன்றிலும் விட்டுக்கொடுத்தேன்.

இதை விட மனசு வரவில்லை. எனக்கு இது வருகிறது. ஐம்பதை நெருங்கும்போது இப்படி ஒன்று வரும் என்று யார் கண்டார்கள்? அந்த சீட் எனக்கு வேண்டும்.

ஆஸ்டினில் படிக்கும் அஞ்சலிக்கு போன் போட்டேன். அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், விட்டுக்கொடுத்து விடவா என்று கேட்டேன். "அம்மா. ஜஸ்ட் டிரைவ் தி டிரக்." வைத்துவிட்டாள், ஏதோ பரீட்சையாம்.

சாயங்காலம் கிளின்ட்டைக் கூப்பிட்டேன். டிரைவர் பெயர் சொன்னேன். என் பெயர். சொன்ன பிறகு, இருபது வயசில் ரிசல்ட் பார்க்கப் போன மாதிரி இருந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

ர. பேசவில்லை. (முழுப் பெயரையும் எழுத இன்று மனசில்லை.) தன் காபியைத் தானே போட்டுக்கொள்கிறார். குடித்த கப்பைக் கழுவித் துடைத்துக் கவிழ்க்கிறார். விருந்தாளியே இவ்வளவு மரியாதையாக இருக்க மாட்டார்.

கிளினிக்: ஃபில்லிங் ஆறு, பிடுங்கல் இரண்டு, அழுகை எண்ணவில்லை. ஏழு வயசு ஈதன், வாயில் பஞ்சோடு தன் அம்மாவிடம்: "ஷி டிரைவ்ஸ் எ டேங்க்." டேங்க் இல்லை, டிரக் என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஃபேர்காரர்கள் இந்த வருஷம் ஒரு புது விதி போட்டிருக்கிறார்கள். டிரக்கின் பின்னால் ஒரு வளையம் வேண்டும். ஸ்லெட்டிலிருந்து வரும் கயிற்றை அதில் மாட்டுவார்கள். சங்கிலி அறுந்தால் அந்தக் கயிறு வளையத்தைப் பிடுங்கும். வளையம் வந்துவிட்டால் டீசல் அடைபட்டு இன்ஜின் நின்றுவிடும்.

ர. ஆபீசிலிருந்து நேராக ஷெட்டுக்குப் போய் அதைப் பொருத்தியிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. நான் போனபோது வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

"டயர் பிரஷர் எவ்ளோ வைக்கட்டும்?" என்று செருப்பு கேட்டது.

சொன்னேன். வளையத்தை மூன்று தடவை இழுத்து, மூன்று தடவையும் இன்ஜின் நின்றதைக் காட்டினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பேசாமலே இவ்வளவும் செய்கிற மனுஷன் மேல் எப்படிக் கோபத்தை வைத்திருப்பது? ஆனாலும் வைத்திருந்தேன்.

மிக்ஸர் வாங்க மறந்தேன்.

அக்டோபர் 11, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நல்ல வெயில், மண் காய்ந்து தூள். ஃபேர் மைதானத்தில் வறுத்த மாவு வாசனையும் மாட்டுக் கொட்டகை வாசனையும். எடை மேடையில் வண்டி அளவுக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது. டூல் பாக்ஸையும் தயிர் சாத கூலரையும் இறக்கியதும் சரியானது. எங்கள் பிரிவில் எட்டு ஆர்மி டிரக். எட்டு டிரைவரில் பெண் நான் ஒருத்தி. புடவை கட்டின லட்சுமி ஆன்ட்டி கேலரியில் தனியாகத் தெரிந்தார், கையில் குடை.

ஐந்தாவதாக என் முறை. ஸ்பீக்கரில் "டாக்டர் கே ஃப்ரம் பேர்லேண்ட்!" என்றதும் கூட்டம் கத்தியது. ர. பின்னால் நின்று சங்கிலி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைக் கொடி.

தொய்வை எடுத்தேன். விறைத்தது. ஏற்றினேன். இதுவரை ஓட்டியதிலேயே அழகாகக் கிளம்பியது இதுதான். ஒரு டயர் கூட வழுக்கவில்லை. மண் அப்படியே பிடித்துக்கொண்டது.

ஐம்பது, அறுபது அடி போயிருப்பேன். இன்ஜின் செத்தது.

இருமவில்லை, திணறவில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி மௌனம். கேலரி மொத்தமும் "ஓ..." என்றது. எனக்கு ஒரு நொடியில் புரிந்தது: வளையம். அதைப் பொருத்தியவர் யார்? பின்னால் நின்றவர் யார்?

இறங்கினேன். அவர் டிராக்கில் ஓடி வந்துகொண்டிருந்தார், முகம் வெளுத்து. நான் அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "இப்ப திருப்தியா உங்களுக்கு?"

இருபது வருஷத்தில் அவரிடம் இப்படிக் கத்தியதில்லை.

அதற்குள் கிளின்ட் வண்டியின் பின்னாலிருந்து வந்தார். கையில் எதையோ தூக்கிப் பிடித்திருந்தார், செத்த எலியைப் பிடிப்பது போல. "மேம். இஸ் திஸ் யுவர்ஸ்?"

ஒரு எலுமிச்சை. ஐந்து பச்சை மிளகாய். கோத்திருந்தது பல்லிடுக்கு நூலில், என் கிளினிக்கில் குழந்தைகளுக்குச் சும்மா கொடுக்கும் ஃப்ளாஸ், புதினா வாசனை.

நூலின் ஒரு முனை வளையத்தில். இன்னொரு முனை சங்கிலியில். நடுவில் பார்க்க லட்சணமாகத் தொங்கட்டும் என்று இரண்டு பக்கமும் ர. முடிச்சு போட்டிருக்கிறார். பாரம் ஏறி, ஸ்லெட்டின் மூக்கு அமுங்கி, சங்கிலி இறங்கியதும் நூல் வளையத்தைப் பிடுங்கிவிட்டது. சாதாரண நூலாக இருந்திருந்தால் பட்டென்று அறுந்திருக்கும். ஃப்ளாஸ் அறுமா? அறாது என்று நானே தினமும் குழந்தைகளுக்கு இழுத்துக் காட்டுகிறேன்.

முதல் நூறு அடிக்குள் நின்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு, பிரிவின் கடைசியில். கிளின்ட் அதைச் சொல்லிவிட்டு, எலுமிச்சையை மிளகாயோடு என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பழைய ஆள், இதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

டிரக்கின் நிழலில் இரண்டு பேரும் நின்றோம். நான்தான் கேட்டேன். "உங்களுக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கையே கிடையாதே?"

"கிடையாது."

"அப்புறம் யாரு கண்ணு படும்னு கட்டினீங்க? இத்தன ஜனம் பாக்குதுன்னா?"

கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜனத்துக்கு இல்ல. என் கண்ணுக்குத்தான் கட்டினேன்."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"நீ ஏறி உக்காந்தப்போ, இது நடுவுல நின்னுட்டா நல்லாருக்கும்னு ஒரு செகண்ட் நெனச்சேன் கல்பனா. நெனச்சிட்டேன். அப்புறம் பயமாப் போச்சு. காலைல ஆன்ட்டிகிட்ட கேட்டு எதுக்கும் இருக்கட்டும்னு பையில வெச்சிருந்தேன். ஓடிப்போய் கட்டிட்டேன்."

இப்படி ஒரு நினைப்பை வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "இனிமே என் கிளினிக் சாமான்ல கை வெச்சீங்கன்னா பாருங்க" என்றேன். அவரும் சிரித்தார், ஒரு வாரத்தில் முதல் தடவை.

"டயர்ல காத்து இன்னும் ரெண்டு பவுண்டு இறக்கட்டுமா? மண்ணு தூளாயிடுச்சு."

"இறக்குங்க."

மற்ற மூன்று பேரும் இழுத்து முடித்தார்கள். அதுவரை முதலிடம் விக்டோரியாவிலிருந்து வந்த ஒரு விவசாயிக்கு, இருநூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் அடி.

மறுபடி நான். இந்தத் தடவை மண் நன்றாகக் கிளறப்பட்டுக் கிடந்தது. பாதியில் பின் டயர் ஒரு சுற்று வழுக்கியது. காலை எடுக்கத் தோன்றியது, எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. அப்படியே வைத்திருந்தேன். டயர் எதையோ தேடிக் கண்டுபிடித்துக் கவ்வியது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்தது. ஸ்டீரிங் கையில் லேசாகிப் போனது, எனக்கு முன்னால் வானம்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். பிறகு நின்றது. நானாக நிறுத்தவில்லை, இனி முடியாது என்று வண்டி நின்றது. அதுதான் முறை.

விக்டோரியாக்காரரைவிட நாலு அடி குறைவு. இரண்டாம் இடம்.

நாலு அடி! எங்கள் சமையலறை மேடை அதைவிட நீளம். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: கதவைத் திறந்து, அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது, இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எந்தப் பட்டத்துக்கும் எந்த லைசன்ஸுக்கும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. பெருமையாக இருந்தது. ரொம்பப் பெருமையாக இருந்தது. விக்டோரியாக்காரர் வந்து கை கொடுத்து, தன் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார்.

லட்சுமி ஆன்ட்டி குடையை ஆட்டிக்கொண்டே வந்தார். "ரெண்டாவதா? பரவால்லடி. அந்த மொதல் ஆளு வண்டி உன்னோடத விட பெருசு." பெரிதெல்லாம் இல்லை. மறுக்கவில்லை.

இரண்டாம் இடத்துக்குச் சிவப்பு ரிப்பன். வழியில் பர்கர் கடையில் நிறுத்தினோம். அவருக்கு ஃப்ரைஸ், எனக்குத் தயிர் சாதம். கார் நிறுத்தத்திலேயே சாப்பிட்டோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

தோள், இடுப்பு, இடது முழங்கால் எல்லாம் வலி. கிளட்ச் அப்படி. தைலம் தேய்த்துவிட்டார்.

ரகு நேற்றே எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டோ போட்டிருக்கிறார். காலேஜ் குரூப், ஆபீஸ் குரூப், கோயில் வாலண்டியர் குரூப். கீழே வாசகம்: 'மை வைஃப். மை டிரக். செகண்ட் பிளேஸ்.' நூற்றுக்கணக்கில் கைதட்டல். ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டினார். அவருடைய அண்ணன் மதுரையிலிருந்து: 'லாரி ஓட்ட வேற ஆளே கிடைக்கலையாடா?' அதற்கு இவர் போட்ட பதில்: 'இவள விட நல்லா ஓட்டற ஆளு கிடைக்கல.' அதை மட்டும் படித்துக் காட்டாமல் தாண்டினார். நான் பிறகு அவர் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

'மை டிரக்'தான் கொஞ்சம் உறுத்துகிறது.

அஞ்சலிக்கு: முறுக்கு, ஸ்வெட்டர், வீடியோ அனுப்பு.

அக்டோபர் 13, திங்கள்

காற்று மாறிவிட்டது. முதல் தடவையாக ஜன்னல் திறந்து வைத்தோம்.

ரிப்பனைக் குழந்தைகள் வெயிட்டிங் ரூமில் மாட்டினாள் மரியா. ஈதன் அம்மாவோடு தையல் பிரிக்க வந்தான். வாட் டிட் யூ புல், என்று கேட்டான். ஒரு பெரிய இரும்பு வண்டி என்றேன். ஹர்ட் பண்ணினதா என்று கேட்டான். கொஞ்சம் என்றேன்.

சாயங்காலம் ஷெட். வண்டி முழுக்க மண்ணும் தூசியும். ரகு ஹோஸ் பிடித்தார், நான் பிரஷ். பாதி கழுவும்போது கிளின்ட் போன். நவம்பரில் வார்ட்டன் பக்கம் ஒரு போட்டி, வருகிறீர்களா? வருகிறோம் என்றேன். டிரைவர் பெயர் அடுத்த வாரம் சொன்னால் போதுமாம்.

ரகு தண்ணீரை நிறுத்தினார். தண்ணீர் சொட்டும் ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு, டிரைவர் கதவைப் பார்த்தபடியே நின்றார். முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை. சின்னப் பையன் ஐஸ்கிரீம் கடையைப் பார்ப்பது போல ஒரு ஆசை. நல்ல மனுஷன். வளையம் பொருத்தியவர், டயருக்குக் காற்று பார்த்தவர், நேற்று என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தவர். ஏலத்தில் எடுத்ததும் அவர்தான்.

"அடுத்த தடவ நான் ஓட்டட்டுமா கல்பனா?"

அந்த 'சரி' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வந்ததை நானே பார்த்தேன்.

"முடியாதுங்க" என்றேன்.